அரேபிய நகரத்தில் ஒரு பித்தளைத் தவலை

எனக்குக் கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஆவணி மாதம். புகுந்த வீட்டுக்குப் பாத்திரக்கடை. கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில், வாசலில் தொங்கும் அன்னக்கூடைகளும் குடங்களும் வெயில் பட்டுப் போகிறவர் கண்ணைக் கூசவைக்கிற கடை. மாமனார் கல்லாவில் உட்காருவார். கணவர் நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்குவார். மத்தியானம் மாமா சாப்பிட வீட்டுக்கு வரும் நேரத்தில் நான் போய்க் கடையில் உட்கார வேண்டும் என்பது வந்த புதிதிலேயே முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கும் வீட்டுக்குள்ளேயே இருப்பதற்கு அது மேல் என்றுதான் தோன்றியது.

நான் வேலூர்க்காரி. அப்பாவுக்குத் தபால் ஆபீஸ் வேலை. சோறு வடிக்கிற பாத்திரம், குழம்பு வைக்கிற பாத்திரம் என்று இரண்டு வகைதான் எனக்குத் தெரியும். கடையில் உட்கார ஆரம்பித்த பிறகு தேக்சாவுக்கும் குண்டானுக்கும் உள்ள வித்தியாசம், தூக்குக்கும் கூஜாவுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் கை வந்தது. அதோடு ஒரு வியாதியும் வந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பாத்திர அலமாரிதான் கண்ணில் படும். கல்யாணப் பந்தியில் பாயசம் வந்தால், பாயசத்தைப் பார்க்காமல் வாளியின் விளிம்பைப் பார்ப்பேன். ஒரு சாவு வீட்டில்கூட, வெளியே நீர்மோர் வைத்திருந்த அண்டாவின் கனத்தை மனத்துக்குள் நிதானித்துக்கொண்டிருந்தேன் என்றால் பாருங்கள்.

மாமா சிரிக்க மாட்டார். கடையில் சிரித்தால் விலை குறையும் என்பது அவர் எண்ணம். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். அத்தை அப்படி இல்லை, ஆனால் என்னோடு பேச அவருக்கு இன்னும் வழி பிடிபடவில்லை. "அரிசி ஊறுது" என்பார். "பால் பொங்குது" என்பார். அந்த வாக்கியங்களில் நான் எங்கேயும் இருக்க மாட்டேன். பாத்திரமும் அடுப்பும்தான் இருக்கும். நானும் அரிசியைக் களைந்து, பாலை இறக்கி வைத்துவிட்டு, "ஆச்சிங்க அத்தை" என்பேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு களேபரம் நடந்தது. தீபத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்து கூடத்திலும் மாடியிலுமாகப் படுப்பார்கள். அத்தனை பேருக்கும் வெந்நீர் போட அத்தை ஒரு பித்தளைத் தவலையைத்தான் எடுப்பாராம். பெரிய தவலை. கீழ்பென்னாத்தூரிலிருந்து அவர் கல்யாணமாகி வந்தபோது அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. அதைப் பரணில் காணோம். குளியலறையில் காணோம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் காணோம்.

"நகர்ற பொருளா அது? ரெண்டு பேர் தூக்கணும்" என்று அத்தை திரும்பத் திரும்பச் சொன்னார். கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் மேல் முதலில் சந்தேகம் போனது. அப்புறம் கணவர் மேல். மாமா செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கடைசியில் அந்தத் தீபத்துக்குக் கடையிலிருந்து ஒரு அலுமினிய அண்டா வந்து வெந்நீர் போட்டது. "அலுமினியத்துல தண்ணி சூடாவும், உடம்பு சூடாவாது" என்று அத்தை வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார்.

தீபம் முடிந்தும் ஊரில் கூட்டம் குறையவில்லை. மலை உச்சியில் இன்னும் தீபம் எரிந்துகொண்டிருந்தது. வேங்கிக்கால் போகிற வழியில் ஒரு காலி மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்டினம், மரணக் கிணறு, டில்லி அப்பளம் எல்லாம் வழக்கமாக வருவதுதான். அந்த வருஷம் புதிதாக 'அரேபிய நகரம்' என்று ஒன்று வந்திருந்தது. அதற்குத் தனி டிக்கெட். "விமானம் இல்லாமல் அரபு நாடு! பாஸ்போர்ட் இல்லாமல் அரபு நாடு!" என்று ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி ஊரெல்லாம் கத்திக்கொண்டு போனார்கள்.

கல்யாணமாகி மருமகளை ஒரு இடத்துக்கும் கூட்டிப் போகவில்லை என்று பக்கத்து வீட்டம்மா ஏதோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் அத்தை திடீரென்று, "பொருட்காட்சி வந்திருக்குதாம்" என்றார். வழக்கம்போல அந்த வாக்கியத்திலும் நான் இல்லை. ஆனால் கையில் அவருடைய நல்ல புடவை இருந்தது. கணவர் கடையைக் கொஞ்சம் முன்னதாக விட்டுவிட்டு வந்து எங்கள் இருவரையும் கூட்டிப் போனார்.

அரேபிய நகரத்தின் வாசலில் இரண்டு ஒட்டகங்கள். சாக்கில் வைக்கோல் திணித்து, மேலே சாயம் அடித்தவை. ஒன்றின் உதடு சரியாக அமையாமல், வெற்றிலை போட்ட மாதிரி சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே போனால் நிஜமாகவே அசந்துவிட்டோம். குறுகலான தெரு. இரண்டு பக்கமும் மண்ணிறச் சுவர்கள், வளைந்த ஜன்னல்கள், மேலே பச்சையும் நீலமுமாக விளக்குகள். தெரு முடிகிற இடத்தில் ஒரு நீரூற்று. அதற்குப் பின்னால் மாடி வைத்த அரண்மனை. அதன் உச்சியில் பொன்னிறக் குவிமாடங்கள். தரையில் ஆற்று மணல் கொட்டியிருந்தார்கள். எங்கிருந்தோ அத்தர் வாசனை வந்தது.

ஜனங்கள் "அப்பா!" என்று வாயைப் பிளந்தபடி நடந்தார்கள். நான் நீரூற்று முன்னால் நின்றேன். அடுக்கடுக்காக, பெரிதிலிருந்து சிறிதாகத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலிருந்தும் தண்ணீர் வழிந்து அடுத்ததில் விழுந்தது. வெள்ளைப் பெயின்ட் அடித்துச் சலவைக்கல் மாதிரி காட்டியிருந்தார்கள். ஆனால் அந்த விளிம்பு மடிப்பு! அதை நான் தினமும் துடைத்து வைக்கிறவள்.

வாய்க்குள்ளேயே, "இது தாம்பாளம் மாதிரி இருக்குதே" என்றேன்.

அத்தை குனிந்து பார்த்தார். நீர் வழிகிற விளிம்பை விரலால் தடவினார். "மாதிரி இன்னா மாதிரி? தாம்பாளமேதான்டி" என்றார்.

அவர் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்று இருந்தது.

அதற்கப்புறம் எங்களைப் பிடிக்க முடியவில்லை. சுவரில் நட்சத்திரம் நட்சத்திரமாக வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்த அரேபிய விளக்கை நான் கண்டுபிடித்தேன். இரண்டு வடிதட்டுகளை வாய்க்கு வாய் வைத்துக் கட்டி உள்ளே பல்பு போட்டிருந்தார்கள். வைக்கோல் காவலாளியின் கேடயம் முறுக்குச் சட்டியின் மூடி என்று அத்தை சொன்னார். அவன் தலைப்பாகையில் குத்தியிருந்த நகை, பாதி உடைந்த ஒரு ஏலக்காய் டப்பா. பாம்பாட்டியின் கூடை என்று நினைத்தது இட்லிப் பானை, கயிறு சுற்றியது. "அதோ பாருங்கத்தை, கதவுல குமிழு குமிழா இருக்குதே, அதெல்லாம் இன்னா தெரியுதா?" என்று நான் கேட்க, அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஐயய்யோ, பணியாரக் குழிடி! அப்பிடியே திருப்பிப் போட்டு அடிச்சிட்டானுங்க" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

கணவர் பின்னாலேயே வந்து, "சும்மா பாத்துட்டு வாங்க, எதையும் தொடாதீங்க, திட்டப் போறாங்க" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

அரண்மனைக்கு நிஜமான மரப்படி இருந்தது. மாடியில் ஒரு பலகணி. அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஏறினோம். நடுக் குவிமாடம் எங்கள் தலைக்கு மேலே, கை எட்டும் உயரத்தில் இருந்தது. கீழே பருத்து, மேலே குவிந்து, உச்சியில் ஒரு கூஜா, அதன் மேல் தகரப் பிறை. சுழல் விளக்கு ஒன்று அதன் மேல் சிவப்பும் மஞ்சளுமாக மாறி மாறி அடித்தது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்த ஒரு நொடியில், தங்கப் பெயின்டுக்கு அடியில் புள்ளி புள்ளியாக ஒரு வரிசை எனக்குத் தெரிந்தது.

பாத்திரத்தில் பேர் வெட்டினால் அப்படித்தான் இருக்கும். உளியால் புள்ளி வைத்து வைத்துப் போடுகிற எழுத்து. எழுத்து தலைகீழாக இருந்ததால் நான் கழுத்தைச் சாய்த்தேன். இன்னும் சாய்த்தேன்.

"இன்னா, கழுத்து சுளுக்கிக்கிச்சா?" என்றார் கணவர்.

நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அரபு நாட்டு அரண்மனையின் நடுக் குவிமாடத்தில், கவிழ்த்த வாக்கில், 'கீழ்பென்னாத்தூர்' என்று எழுதியிருந்தது. அதற்கு முன்னால் இருந்தது அத்தையின் பெயர்.

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தடுமாறினேன். பரணில் இருந்த பொருள் இங்கே வர வேண்டுமானால் யார் கை வழியாக வந்திருக்கும் என்று யோசிக்கத் தெரியாதவளா நான்? சொன்னால் வீட்டில் இடி விழும். ஆனால் பக்கத்தில் அத்தை, இவ்வளவு நாளில் நான் பார்த்தேயிராத முகத்தோடு, அடுத்து என்ன கண்டுபிடிக்கலாம் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்திடம் மறைக்க மனம் வரவில்லை.

"அத்தை, இதக் கொஞ்சம் பாருங்களேன்."

அவர் பார்த்தார். கொண்டை ஊசியை உருவி, எட்டி, பெயின்டைச் சுரண்டினார். மஞ்சளாகப் பித்தளை பளிச்சிட்டது. அதற்கப்புறம் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், கீழே நீரூற்றைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"என் தவலை! எங்கப்பா வாங்கிக் குடுத்த தவலைடா இது!"

நகரத்தைக் கட்டியவர் பின்பக்கத்திலிருந்து ஓடி வந்தார். நாற்பது வயதுக்காரர், சினிமாவுக்கு செட் போட்டுப் பழகியவராம். தாடியில் அங்கங்கே தங்கப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"யாரும்மா அது, கோபுரத்தச் சொரண்டறது?"

"இது இன்னா கோபுரம்? இதுல நான் வெந்நி போட்டு என் புள்ளைங்கள குளிப்பாட்டினேன்" என்றார் அத்தை. ஏற்கெனவே கூச்சத்தில் நெளிந்துகொண்டிருந்த கணவர் ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. செட்டுக்காரர் பழைய பாத்திரம் வாடகைக்குக் கேட்டு ஊரெல்லாம் அலைந்திருக்கிறார். தீபத்துக்கு முன்னால், கணவரும் நானும் கடையில் இல்லாத ஒரு நாள், எங்கள் கடையில் ஒரு வண்டி நிறையக் கிடைத்திருக்கிறது. நடுக் குவிமாடத்துக்கு மட்டும் உருவம் தோதாக எதுவும் அமையவில்லை. "கடைக்காரருதாம்மா, 'இரு, வீட்டுல ஒண்ணு கீது'ன்னு சொல்லி அவரே சைக்கிள் ரிக்சாவுல வெச்சி அனுப்பினாரு. ரொம்பத் தங்கமான மனுசன்."

"தங்கமான மனுசனா? வரட்டும் வீட்டுக்கு."

"இப்பவே கழட்டச் சொல்லாதீங்கம்மா. இத எடுத்தா அரண்மனைக்கே தலை போயிடும். ஆட்டம் முடிஞ்சதும் நானே கொண்டாந்து குடுக்கறேன். அது வரிக்கும் நீங்க எப்ப வேணா வந்து பாத்துக்குங்க. டிக்கெட்டு வாணாம்."

அத்தை ஒரு தடவை குவிமாடத்தைப் பார்த்தார். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று மறுபடி பார்த்தார். சுழல் விளக்கு பட்டு அது ஜொலித்தது. "அழகாத்தான் கீது" என்றார், யாருக்கும் கேட்காத மாதிரி.

வீட்டில் மாமா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அத்தை ரசத்தை ஊற்றிவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்: "என் தவலை அரபு நாட்டுல கீதாமே?"

மாமாவின் கை இலையிலேயே நின்றது. "பரண்ல சும்மாதானே கெடந்துச்சி. பித்தளையா இருந்துச்சி, உருண்டையா இருந்துச்சி, குடுத்துட்டேன்."

"தீபத்துக்குத் தேடனப்ப பேப்பர விரிச்சிக்கினீங்களே?"

மாமா ரசத்தைச் சோற்றோடு பிசைய ஆரம்பித்தார். அத்தை கோபித்துக்கொள்வார், அழுவார் என்று நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அப்படியெதுவும் செய்யவில்லை. "நாளைக்கி கடைய சாத்திட்டு எங்கூட வந்து அதப் பாக்கணும். அதான் தண்டனை" என்று சொல்லிவிட்டு அப்பளம் வைத்தார்.

மாமா பொருட்காட்சிக்குப் போய் எத்தனையோ வருஷங்கள் ஆகியிருந்தன. ஜெயிலுக்குப் போகிறவர் மாதிரி மறுநாள் எங்களோடு வந்தார். அரேபியத் தெருவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அத்தையும் நானும் இரண்டு பக்கமும் நின்று ஒவ்வொன்றாகக் காட்டினோம். தாம்பாளம். வடிதட்டு. முறுக்குச் சட்டி. அவர் முகம் அசையவில்லை. பலகணிக்கு ஏறி, தவலையை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நல்லபடியாக ஒரு மன்னிப்பு வார்த்தை வரப்போகிறது என்று நினைத்தேன்.

"மேல வெச்சிருக்கானே கூஜா, அது சரியில்ல. கழுத்து ஜாஸ்தி, ஒடம்பு கம்மி. இந்தத் தவலைக்கு அது சேராது" என்றார்.

அத்தை அவரையே பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். "ஆமாங்க, சேரலதான்" என்றார்.

மறுநாள் மாமா கடையிலிருந்து குண்டாக ஒரு பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு தானே போனார். செட்டுக்காரரை ஏற்றி, பழையதைக் கழற்றவைத்து, புதியதைப் பொருத்தவைத்து, கீழே நின்று, "இன்னும் லெப்ட்டு, இன்னும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். கணவர் வந்து சொன்னபோது எங்களால் நம்ப முடியவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தோம். மாமா சொன்னது சரிதான், அந்தச் சொம்பு வந்ததும் அரண்மனைக்கே ஒரு களை வந்திருந்தது.

அன்றைக்குத்தான் ராட்டினத்திலும் ஏறினோம். அத்தை ஏற மாட்டேன் என்று சாதித்தார், மாமா பேசாமல் டிக்கெட் வாங்கி வந்துவிட்டார். அவர்கள் இருவரும் ஒரு தொட்டியில், நாங்கள் இருவரும் அடுத்ததில். மேலே போனதும் ஊர் மொத்தமும் தெரிந்தது. மலை உச்சியில் தீபம். அதற்குக் கீழே இருட்டாக மலை, அப்புறம் கோபுரங்கள், கடைத்தெரு விளக்குகள். எனக்குக் கீழே இருந்த தொட்டியிலிருந்து அத்தை, "அதோ என் தவலை! அதோ கீது பாருங்க!" என்று கத்தியது கேட்டது. கூடவே இன்னொரு சத்தம், கரகரவென்று, இருமல் மாதிரி. மாமா சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் பொருட்காட்சி இருந்தவரை அத்தை தினமும் போனார். முதலில் என்னோடு. அப்புறம் தெருப் பெண்கள் நாலைந்து பேரோடு. கீழ்பென்னாத்தூரிலிருந்து அவருடைய அண்ணன் குடும்பமே வேன் பிடித்து வந்து, தங்கள் ஊர்ப் பெயர் அரபு நாட்டில் தலைகீழாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் போனது. "நானே எல்லாத்தையும் சொல்லிட்டா இன்னா ருசி? நீங்களே தேடுங்க" என்று அத்தை வந்தவர்களை விட்டுவிடுவார். அவர்கள் சுவரையும் தூணையும் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். ஒரு ஆசிரியை ஒட்டகத்தின் கழுத்துக்கு அடியில் போய் அண்ணாந்து பார்த்து, அதன் கண் இரண்டும் சோடா பாட்டில் கோலி என்று கண்டுபிடித்துச் சொன்னார். அதை நாங்களே கவனித்திருக்கவில்லை. அத்தைக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

செட்டுக்காரர் ஆரம்பத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார். "அரபு நாடுன்னு காட்டினா நீங்க அடுப்பங்கரைன்னு சொல்றீங்களேம்மா" என்றார். ஆனால் கூட்டம் கூடக் கூட அவர் குழாயில் போட்ட அறிவிப்பும் மாறியது: "தேடுங்கள்! கண்டுபிடியுங்கள்! அரபு நாட்டில் உங்கள் வீட்டுப் பாத்திரம்!" ஒருநாள் அத்தை போனபோது, நேற்று வெற்றுச் சுவராக இருந்த இடத்தில் ஒரு சின்னப் பல்லி உட்கார்ந்திருந்தது. தேங்காய்த் துருவியின் பல்லை வாலாக வைத்துச் செய்தது. அத்தைக்காகவே புதிதாக வைத்ததாம். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு சுற்று ஆனது. "கில்லாடிப்பா நீ" என்றார்.

மார்கழி நடுவில் எல்லாவற்றையும் பிரித்தார்கள். சொன்னபடியே தவலை வந்தது, தங்கப் பெயின்டோடு. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று நான் இரண்டையும் எடுத்து வைத்தேன். "இருக்கட்டும்டி, அதும் நல்லாத்தான் கீது" என்று அத்தை தடுத்துவிட்டார்.

பத்து வருஷம் கழித்து, எங்கள் மகளின் பள்ளி விடுமுறையில், சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குக் குடும்பமாகப் போனோம். பனிமலை, எரிமலை, காடு என்று ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு உலகம். மகள் தண்ணீர்ச் சறுக்கு எங்கே என்று பறந்துகொண்டிருந்தாள். அத்தையும் நானும் பனிமலையைத் தட்டிப் பார்த்தோம். எல்லாமே பைபர். தொப்பி போட்ட காவலர் ஒருவர், "ஆண்ட்டி, தட்டக் கூடாது" என்றார். ஒரு வடிதட்டுகூடக் கிடைக்காமல் அத்தை சோர்ந்துபோனார்.

காட்டுப் பகுதியில் சிங்க வேஷம் போட்ட ஒருவர் பிள்ளைகளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். சித்திரை வெயில். கூட்டம் கலைந்ததும் சிங்கம் ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தது. அத்தை விடுவிடுவென்று அதனிடம் போனார்.

"ஏம்பா, உள்ள புழுங்கலியா?"

சிங்கத்தின் வாய்க்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "பழகிப்போச்சிம்மா. நீங்க இன்னா, திருவண்ணாமலைப் பக்கமா? பேச்சக் கேட்டா எங்கூரு மாதிரி கீது. நான் செங்கம்."

அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. என் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலைப் பிடுங்கி, சிங்கத்தின் பல்வரிசைக்கு நடுவே நீட்டினார். உள்ளிருந்து ஒரு கை வாங்கிக்கொண்டது. எந்தத் தெரு, யார் வீடு, அம்மா எப்படி இருக்கிறார், கல்யாணத்துக்குப் பார்க்கிறார்களா என்று எல்லா விசாரணையும் சிங்கத்தின் வாயைப் பார்த்தே நடந்தது. வேலை நேரத்தில் தலையைக் கழற்றக் கூடாதாம். அதனால் அந்தப் பெண்ணின் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை.

கணவர் போட்டோ எடுத்தார். அது இன்றும் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. சிங்கத்தின் தோளில் கை போட்டு அத்தை நிற்கிறார். பார்க்க வருகிறவர்கள், "வயசான காலத்துல சிங்கத்தோட போட்டோவா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அத்தை தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டே சொல்வார்:

"சிங்கம் இல்லம்மா அது. செங்கத்துப் பொண்ணு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்துல மூணாவது வீடு."